பின்னமான திருவுருவம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடப்பவர்கள் ஒரு காலத்தின் எச்சங்களுக்கிடையே நடக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழற்றிக் கொணரப்பட்ட நிலைகள், கதவுகள், பர்மாத் தேக்குத் தூண்கள், எனாமல் பாத்திரங்கள், இரவிவர்மா படங்கள் எல்லாம் அங்குள்ள பழம்பொருள் கடைகளில் அடுக்கிக் கிடக்கும். சென்ற தவக்காலத்தில் ஒரு நாள், ஆலயத் திருவுடைகளை வைக்க ஒரு பழைய மர அலமாரி தேடிச் சென்ற நாம், அத்தகைய கடையொன்றின் மூலையில் ஒரு பாடுபட்ட சுரூபத்தைக் கண்டோம். மரத்தில் செதுக்கியது. சிலுவை இல்லை. இரு கைகளும் தோள் மூட்டோடு போயிருந்தன. மார்பில் நெடுக ஒரு வெடிப்பு. தலை வலப்புறம் சாய்ந்திருக்க, கண்கள் மூடியிருந்தன.

விலை கேட்டோம். கடைக்காரர் ஒளிவுமறைவு இல்லாதவர். “பின்னமான சாமி, பாதர். பூசைக்கு ஆகாது. வீட்டு அலங்காரத்துக்குன்னு வாங்கிட்டுப் போவாங்க. உங்களுக்கு எதுக்கு?” என்றார். “உண்மைதான், பீடத்தில் வைக்க முடியாது” என்று நாமும் கூறி, அலமாரிக்கு மட்டும் விலைபேசி முடித்துத் திரும்பினோம்.

வழியில்தான் அந்தச் சொல் உறுத்தத் தொடங்கியது. அறையப்பட்டு, குத்தப்பட்டு, உடைக்கப்பட்ட ஒருவரைக் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் போதித்து வருகிறோம். அவருடைய உருவம் நம் எதிரில் கிடந்தபோது, உடைந்திருக்கிறது, ஆகவே ஆகாது என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டோம்! உடைந்தது இறைவனின் உருவாக இருத்தல் கூடுமா? இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. திருச்சபையே இதற்கு விடை காணப் பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டது என்பதை அதன் கலை வரலாறு காட்டுகிறது.

முழுமையின் முறைமை

கடைக்காரரின் சொல்லை அலட்சியம் செய்தல் தகாது. பின்னப்பட்ட விக்கிரகம் வழிபாட்டிற்கு ஆகாது என்பது இம்மண்ணின் நெடுநாள் மரபு. அதன் உட்கருத்து உயர்ந்தது. இறைவனுக்கென்று நாம் தருவது குறையற்றதாக இருக்கவேண்டும். மிஞ்சியதையும் சிதைந்ததையும் அவர்முன் வைத்தல் அன்பின் அடையாளமாகாது. பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும் திருமயத்திலும் மலையைக் குடைந்து இறையுருவம் சமைத்த சிற்பிகளை நினைத்துப் பார்ப்போம். உளி ஒருமுறை தவறினால் கல்லை மாற்றலாம். மலையை மாற்ற இயலாது. அந்த அச்சமும் கவனமுமே அவர்களுடைய வழிபாடாக இருந்திருக்கும். நமது மறைமாவட்டத்து இடைக்காட்டூரில் 1894-ஆம் ஆண்டு குரு பெர்டினண்ட் செல் அடிகளார் பிரான்சு நாட்டு ரைம்ஸ் பேராலயத்தின் சாயலில் திரு இருதய ஆலயத்தை எழுப்பினாரே, வறண்ட சீமையில் அத்தகைய எழில் எதற்கு என்று எவரும் கேட்டதில்லை. அழகை இறைவனுக்குச் செலுத்தும் கடனாகவே மக்கள் கண்டனர்.

நமது மறைநூலிலும் இந்த முறைமை உண்டு. பலிப்பொருள் பழுதற்றதாக இருக்கவேண்டும் என்கிறது லேவியர் நூல். அதனினும் ஒருபடி மேலே சென்று, ஆரோனின் வழிவந்தவனேயாயினும், பார்வையற்றவனும் கால் ஊனமுற்றவனும் கை ஒடிந்தவனும் பலி செலுத்தப் பீடத்தை அணுகலாகாது என்று விதிக்கிறது. ஆகவே, குறையற்றதே கடவுளுக்கு உரியது என்னும் எண்ணத்தை எவருடைய அறியாமையாகவும் தள்ளிவிட முடியாது. அது மானிடப் பக்தியின் தொன்மையான இலக்கணம். அந்த இலக்கணத்தின் நடுவில்தான் கல்வாரியின் சிலுவை நடப்பட்டது.

காட்டத் தயங்கிய நூற்றாண்டுகள்

இன்று கழுத்துச் சங்கிலியிலும் கல்லறை மேலும் சிலுவையைக் காணும் நமக்கு, முதல் கிறிஸ்தவர்களின் தயக்கம் வியப்பளிக்கும். உரோமைக் கல்லறைச் சுரங்கங்களின் சுவர்களில் ஆட்டைத் தோளில் சுமக்கும் நல்லாயனைக் காண்கிறோம்; மீன், நங்கூரம், மீனின் வாயிலிருந்து வெளிப்படும் யோனா, சிங்கங்களின் நடுவே தானியேல் ஆகிய உருவங்களைக் காண்கிறோம். சிலுவையில் தொங்கும் இயேசுவை அங்குத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். காரணம் எளிது. சிலுவை என்பது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் விதிக்கப்பட்ட கொலைத்தண்டனை. சாலையோரத்தில் அத்தண்டனையைக் கண்ணால் கண்டவர்கள் அதனைச் சுவரில் தீட்டி மகிழ்ந்திருக்க முடியாது.

சிலுவையில் அறையப்பட்டவரைக் காட்டும் மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்றைக் கீறியவன் பக்தன் அல்லன், ஏளனக்காரன் என்பது வரலாற்றின் ஒரு கசப்பு. உரோமையின் பாலத்தீன் குன்றில் ஒரு சுவரில் அகப்பட்ட அக்கிறுக்கல் கி.பி. 200-ஐ ஒட்டியது என்பர். கழுதைத் தலையோடு ஒருவன் சிலுவையில் தொங்குகிறான். கீழே ஒருவன் கை உயர்த்தி வணங்குகிறான். அலெக்சாமெனோஸ் தன் கடவுளைத் தொழுகிறான் என்று அருகில் கிரேக்கத்தில் எழுதிக் கேலி செய்திருக்கிறார்கள். உடைக்கப்பட்டவன் கடவுளாவதெப்படி என்பதே அந்தக் கேலியின் உட்பொருள். நம் கடைக்காரர் கனிவோடு கூறியதை அவன் நஞ்சு தோய்த்துக் கூறினான்.

5-ஆம் நூற்றாண்டில்தான் கிறிஸ்தவக் கலைஞர்கள் துணிந்தனர். உரோமைப் புனித சபீனா ஆலயத்தின் மரக்கதவில், 430-ஐ ஒட்டிச் செதுக்கப்பட்ட பலகையொன்றில், இரு கள்வர்களின் நடுவே இயேசுவைக் காண்கிறோம். ஆனால் சிலுவை மரம் ஏறத்தாழத் தெரிவதில்லை. கைகளை விரித்து மன்றாடும் ஒருவரைப் போல் அவர் நிற்கிறார்; கண்கள் திறந்திருக்கின்றன. ஏறத்தாழ அதே காலத்துத் தந்தச் சிற்பமொன்று இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் ஒருபுறம் யூதாசு மரத்தில் பிணமாய்த் தொங்க, மறுபுறம் இயேசு சிலுவையில் உயிர்த்துடிப்போடு நிமிர்ந்திருக்கிறார். 586-இல் எழுதி முடிக்கப்பட்ட சிரியாக் மொழி இரபுலா நற்செய்தி நூலின் ஓவியத்தில் அவர் அரசரைப் போல் நீண்ட அங்கி அணிந்திருக்கிறார். படைவீரனின் ஈட்டி விலாவை நோக்கி நீள்கிறது. அவரோ விழித்த கண்களோடு இருக்கிறார்.

இவர்கள் பாடுகளை மறுத்தவர்கள் அல்லர். சிலுவையே அரியணை என்னும் யோவான் நற்செய்தியின் ஒளியில் அவர்கள் அக்காட்சியைக் கண்டனர். எனினும் அவர்களுடைய இறைமகன் சிலுவையில் நிற்கிறாரேயன்றித் தொங்கவில்லை. அவரை முழுமை குன்றாமல் காட்டவே அவர்களுடைய பக்தி விழைந்தது.

பரங்கிமலைச் சிலுவை

அந்நூற்றாண்டுகளில் நம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் எதனை வணங்கினர்? விடை சென்னைப் பரங்கிமலைமீது கல்லில் இருக்கிறது. 1547-இல் போர்த்துக்கீசியர் அங்கு ஆலயத்திற்காகத் தோண்டியபோது கிடைத்த கருங்கற்பலகை அது. 7 முதல் 9 வரையிலான நூற்றாண்டுகளுள் அறிஞர் அதனை வைப்பர். சிலுவையின் முனைகள் மொட்டவிழ்வது போல் விரிகின்றன. அடியில் இருபுறமும் இலைகள் மேல்நோக்கி எழுகின்றன. மேலிருந்து புறா இறங்குகிறது. சுற்றிலும் ஒரு வளைவு. அதில் இடைக்காலப் பாரசீகமாகிய பகலவி எழுத்து. அவ்வெழுத்தைப் பலரும் பலவாறு வாசித்திருக்கின்றனர். சிலுவையை அளித்தவருக்காகக் கிறிஸ்துவின் இரக்கத்தை வேண்டும் மன்றாட்டு என்பது பிற்காலத்தார் கண்ட பொருள். கோட்டயம், கடமற்றம், முட்டுச்சிறை முதலிய இடங்களிலும் இத்தகைய சிலுவைகள் உள்ளன. 1912-இல் இலங்கை அனுராதபுரத்திலும் எழுத்தில்லாத ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது.

இவை கடல்வழிச் சிலுவைகள். 849-இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வேணாட்டு அய்யனடிகள் அளித்த செப்பேட்டில், சாட்சிகளாகக் கையெழுத்திட்ட வணிகர்கள் பகலவியிலும் அரபியிலும் எபிரேய எழுத்திலும் தம் பெயரைப் பொறித்துள்ளனர். வணிகர் சென்றவிடமெல்லாம் இறைவனையும் உடன் கொண்டு செல்வர் என்பதைச் செட்டிநாட்டவர்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1859-இல் சிங்கப்பூரில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பியவர்களின் ஊர் இது.

நாம் கருத்தூன்ற வேண்டியது இதுதான்: பரங்கிமலைச் சிலுவையில் உடல் இல்லை. ஆணியும் முள்முடியும் காயமும் இல்லை. பூத்துக் குலுங்கும் வாழ்வின் மரமாகவே அது நிற்கிறது. இத்தாலியின் ரவென்னா நகருக்கு அருகே, 549-இல் நேர்ந்தளிக்கப்பட்ட புனித அப்போலினாரிஸ் ஆலயத்திலும், விண்மீன்களின் நடுவே மணிகள் பதித்த ஒரு பெருஞ்சிலுவை ஒளிர்கிறது. அதன் மையத்தில் கிறிஸ்துவின் முகம் மட்டும் சிறு வட்டத்தில் தெரிகிறது. கடல்கள் பல கடந்து நின்ற இவ்விரு சமூகங்களும் உயிர்ப்பைப் பாடின. சாவைப் பற்றி அடக்கமாக மௌனம் காத்தன. பின்னாளில் அப்பரங்கிமலைக் கல்லே குருதி வியர்த்ததாக மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அதன் வரலாற்று உண்மையை நாம் இங்கு ஆராயவில்லை. ஆனால் அம்மரபுக்குள் ஓர் ஏக்கம் ஒளிந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. செதுக்கியவர் காட்டாமல் விட்ட காயத்தைக் கண்டுகொள்ள மக்களின் கண்கள் தேடியிருக்கின்றன.

உருவம் பற்றிய பெருவழக்கு

இறைவனைக் காட்டலாமா என்னும் வழக்கு 8-ஆம் நூற்றாண்டில் கீழைத் திருச்சபையைப் பிளந்தது. அதற்கு முன்னரே, 600-ஐ ஒட்டி, மார்சேய் ஆயர் செரேனுஸ் ஆலயத்து உருவங்களை உடைத்தபோது, திருத்தந்தை பெரிய கிரகோரியார் அவரைக் கடிந்து எழுதினார். எழுத்தறிந்தோர்க்கு நூல் எதுவோ அதுவே எழுத்தறியாதோர்க்கு ஓவியம் என்பது அவர் கருத்து. 692-இல் கான்ஸ்டான்டினோப்பிளில் கூடிய சங்கம், கிறிஸ்துவை இனி ஆட்டுக்குட்டியாக வரைவதை விடுத்து மனித உருவிலேயே காட்டவேண்டும் என்றது. அவருடைய தாழ்மையையும் பாடுகளையும் சாவையும் மக்கள் நினைவுகூர அதுவே வழி என்பது அதன் எண்ணம். ஆனால் 726-ஐ ஒட்டிப் பேரரசர் மூன்றாம் லியோவின் காலத்தில் காற்றுத் திசைமாறியது. உருவங்கள் அகற்றப்பட்டன. அவருடைய மகன் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் 754-இல் ஒரு சங்கத்தைக் கூட்டி உருவங்களைக் கண்டிக்கச் செய்தார்.

உருவ எதிர்ப்பாளர்களை மூடர்கள் என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. எல்லையற்றவரைக் கோட்டுக்குள் அடைப்பதெப்படி என்று அவர்கள் கேட்டனர். கிறிஸ்துவுக்கு உண்மையான உருவம் ஒன்றே உண்டு, அது நற்கருணை அப்பம் என்றும் வாதிட்டனர். மறுதரப்பில் தமஸ்கு நகரப் புனித யோவான் விடை பகர்ந்தார். பருப்பொருளை நாம் ஆராதிப்பதில்லை. நமக்காகப் பருப்பொருளாகிய உடலை ஏற்ற படைத்தவரையே ஆராதிக்கிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம். 787-இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், ஆராதனை இறைவனுக்கே, உருவங்களுக்கு உரியது வணக்கம். அவ்வணக்கம் உருவத்தைக் கடந்து அதற்குரியவரைச் சேர்கிறது என்று தெளிவுறுத்தியது. கிரேக்கத்தில் இருந்த இவ்வேறுபாடு இலத்தீன் மொழிபெயர்ப்பில் மங்கியதால் பிராங்கு நாட்டு இறையியலார் சங்கத்தின்மீதே ஐயுற்றனர். தமிழில் ஆராதனை, வணக்கம் என்னும் இரு சொற்களும் நம் கைவசம் இருப்பது ஒரு பேறு. 815-இல் மீண்டும் தலைதூக்கிய பூசல் 843-இல் பேரரசி தெயோதோராவின் காலத்தில் ஓய்ந்தது.

நற்கருணையே மெய்யுருவம் என்ற வாதத்திற்குக் கத்தோலிக்க மறுமொழி தெளிவானது: நற்கருணை ஓர் உருவம் அன்று, ஆண்டவரே அவர். ஆயினும் அவ்வாதத்தில் அவர்கள் அறியாமலே ஒரு மணி ஒலிக்கிறது. அந்த அப்பம் எப்படி நமக்குக் கிடைக்கிறது? பிட்கப்பட்டல்லவா! நாள்தோறும் திருப்பலியில் நம் கைகளால் அதனை உடைக்கிறோம். உடைக்காமல் எவர்க்கும் பகிர முடியாது. உடைந்த ஒவ்வொரு துண்டிலும் அவர் முழுமையாக இருக்கிறார் என்றும் நம்புகிறோம். பின்னமானது பீடத்திற்கு ஆகாது என்று சொன்ன நம் வாய், அன்று காலை உண்டது எதனை?

மூடிய கண்கள்

இப்பூசல் நடந்த காலத்தை ஒட்டியே ஓவியர்கள் இறுதித் தயக்கத்தையும் விட்டனர். சீனாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீன் மடத்தில், 8-ஆம் நூற்றாண்டினது எனப்படும் பலகை ஓவியமொன்று இருக்கிறது. இயேசுவின் கண்கள் மூடியவாறு காட்டும் மிகப் பழைய ஓவியங்களுள் அது ஒன்று. அவர் இறந்துவிட்டார் என்பதை ஒரு தூரிகை ஒப்புக்கொள்ள ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

செருமனியின் கொலோன் பேராலயத்தில் இன்றும் இருக்கும் கேரோ சிலுவை இவ்வரலாற்றின் ஒரு சிகரம். 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பேராயர் கேரோவின் பெயரால், கருவாலி மரத்தில் ஆளுயரத்திற்குச் செதுக்கப்பட்டது. உடலின் பாரம் கைகளை இழுக்கிறது. வயிறு சரிந்திருக்கிறது. தலை மார்பில் தாழ்ந்து, கண்கள் மூடியிருக்கின்றன. வெற்றி வேந்தனின் அங்கியில்லை. ஒரு மனிதனின் பிணம் அது. அதன்முன் மக்கள் முழங்காலிட்டனர்.

அச்சிலுவையைப் பற்றி மெர்செபர்க் ஆயர் தீட்மார் தம் வரலாற்று நூலில் ஒரு செய்தியைக் குறித்துள்ளார். அதன் தலையில் வெடிப்பு ஒன்று கண்டதாம். கேரோ சிற்பியை அழைக்கவில்லை. நற்கருணையின் ஒரு பகுதியையும் திருச்சிலுவைத் துண்டொன்றையும் வெடிப்பினுள் வைத்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மன்றாடினார். எழுந்தபோது வெடிப்பு மூடியிருந்ததாம். அற்புதத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் உரிமை. நம்மை நிறுத்தி வைப்பது அந்தப் பேராயரின் செயல். வெடித்த உருவத்தை அவர் ஒதுக்கிப் போடவில்லை. தம்மிடமிருந்தவற்றுள் மிகப் புனிதமானதை அந்த வெடிப்பிலேயே வைத்தார். நாமோ ஒரு வெடிப்பைக் கண்டோம், அலமாரியோடு திரும்பினோம்.

உருவம் எதற்கு?

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. துன்பத்தின் உருவத்தைத் தொழுவதால் துன்பமே தூயதாகிவிடாது. வறியவனிடம் பாடுபட்ட சுரூபத்தைக் காட்டி, நீயும் பொறுத்துக்கொள் என்று கூறியவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். நமது மறையுரைகளும் இக்குற்றத்தினின்று முற்றிலும் தப்பியவை அல்ல. காயம் இறைவனின் விருப்பம் அன்று. அதனை ஏற்படுத்திய கை ஒன்று எப்போதும் உண்டு. அன்றாடம் பார்த்துப் பார்த்துப் பழகிய காயம் நெஞ்சைத் தைப்பதும் இல்லை. முதல் நூற்றாண்டினர் சிலுவையைக் காட்ட அஞ்சினர். நாம் அச்சமின்றிப் பார்த்து ஒன்றும் காணாமற் போகிறோம். இரண்டில் எது பெரிய குறை?

நம் முன்னோர் தந்த பெயரை எண்ணிப் பார்க்கலாம். பாடுபட்ட சுரூபம் என்றார்கள். சுரூபம் என்றால் சொந்த வடிவம். குறையற்றது என்று நாம் கருதும் இறைவனின் வடிவத்தையும் பாடு என்னும் சொல்லையும் அவர்கள் கூசாமல் அருகருகே நிறுத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலரும் அச்சொல்லை ஆண்டனர். உடைவதால் இறைவனின் சாயல் அழிந்துவிடாது என்பதே அதன் பொருள். அப்படியானால் அச்சாயலைத் தாங்கிய மனிதனும் உடைவதால் ஆகாதவன் ஆகிவிடமாட்டான்.

நமது பங்கில் ஒருவர் இருக்கிறார். திருவிழாச் சப்பரத்திற்குத் தோள் கொடுத்த முன்வரிசைக்காரர். அரிசி ஆலை ஒன்றில், காப்பு இல்லாத இயந்திரத்தில் வலக்கையை இழந்தார். அதன்பின் அவர் ஆலயத்தின் பின் தூணருகே நிற்கத் தொடங்கினார். அவரைப் பின்னால் நிற்கும்படி எவரும் சொன்னதில்லை. முன்னால் வரும்படியும் எவரும் சொன்னதில்லை. ஆண்டுகள் சில ஆகியும் நாமும் சொல்லவில்லை. கடையிலிருந்து திரும்பிய வாரத்தில்தான் அது நம் கண்ணில் பட்டது. புனித வெள்ளியன்று திருச்சிலுவையைப் பீடம் நோக்கிக் கொண்டுவருபவர்களுள் ஒருவராக அவர் வரவேண்டும் என்று கேட்டோம். அவர் தலை குனிந்தார். “வேண்டாம் சாமி. பாக்க நல்லா இருக்காது” என்றார்.

அது அவருடைய சொல் அன்று. நாம் அனைவரும் சேர்ந்து, வாய் திறவாமலே, அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம். சபீனா கதவும் பரங்கிமலைக் கல்லும் கேரோவின் வெடித்த மரமும் கடந்துவந்த பாதை அவ்வளவும் அந்த ஒரு வாக்கியத்தில் வந்து முட்டி நிற்பதை நாம் கண்டோம்.

பாஸ்காவுக்குப் பின்னர் அக்கடைக்கு மீண்டும் சென்றோம். சுரூபம் இல்லை. வெளியூரார் ஒருவர் தம் வரவேற்பறைக்கு வாங்கிச் சென்றுவிட்டார் என்றார் கடைக்காரர். வருத்தத்தோடு திரும்பினோம். அந்த உருவத்தை நாம் இழந்தது உண்மை. ஆனால் தூணருகே நிற்பவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார். அடுத்த புனித வெள்ளிக்கு இப்போதே அவரிடம் கேட்டிருக்கிறோம். இன்னும் அவர் இசையவில்லை. நாம் கேட்பதையும் நிறுத்தவில்லை.